பிள்ளையின் தொடை சிவந்ததற்குத் தாயைக் கூண்டில் ஏற்றாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு பேச்சாளர் மேடையில் இருந்து தாய்மாரைத் திட்டியதை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். வீடியோ மட்டக்களப்பு முழுவதும் சுற்றி, கல்முனை தாண்டி, அக்கரைப்பற்றில் இருக்கிற என் மச்சாளின் போனுக்கும் போய்விட்டது. ஆகவே யார், எந்த மேடை என்று நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் எழுந்து போனதும், பின்வரிசையில் சிலர் சிரித்ததும்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "பம்பர்ஸைக் கட்டிவிட்டுப் போனைப் பார்க்கிற தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் தொடை அவிகிறது" என்றார் பேச்சாளர். கைதட்டியும் விட்டீர்கள்.

பிள்ளையின் தொடை சிவப்பது தாயின் குற்றம் அல்ல. இந்தப் பதிவில் இதை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

பச்சைப் பிள்ளையின் தோல் மெல்லியது. ஈரத்தில் ஊறி, துணியோடு உராய்ந்து, அதற்கு மேல் சிறுநீரும் மலமும் கலந்து படும்போது எரிச்சல் வருகிறது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை முதல் வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் மலம் கழிக்கும். ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவையும் போகும். அத்தனை தடவையும் அந்த நிமிடமே கழுவித் துடைத்து உலர்த்த எந்த மனுஷியால் முடியும்? தூங்கவே கூடாதா? எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் சிவப்பு வரும். பம்பர்ஸ் கட்டினாலும் வரும், துணி கட்டினாலும் வரும்.

துணி என்றதும் என் மூத்தவன் பிறந்த மாரி நினைவுக்கு வருகிறது. கார்த்திகை மாதம், கல்லடியில் வீடு. வெளியே கொடியில் போட்டால் மழை, உள்ளே போட்டால் காயாது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, மின்விசிறியைப் போட்டு, அப்போதும் ஓரத் தையல்களில் ஈரம் நிற்கும். அம்மா ஒவ்வொரு துணியாக எடுத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துவார், புழுங்கின வாசனையோடு ஆவி எழும்பும். அவ்வளவு செய்தும் அவனுக்குத் தொடை இடுக்கு சிவந்தது. எங்கள் வீட்டில் அப்போது ஒரு பம்பர்ஸ்கூட இருக்கவில்லை. பேச்சாளர் ஐயா இதற்கு என்ன சொல்வார்?

பக்கத்தில் இருந்த ஒரு பாமசியில் கேட்டோம். பிள்ளையின் வயதைக்கூடக் கேட்காமல் ஒரு கிறீமைக் கையில் தந்தார்கள். இரண்டு நாள் ஆறியது போல இருந்தது. பிறகு மடிப்புகளுக்குள் இரத்தச் சிவப்பாகி, சுற்றிவரச் சிறு சிறு புள்ளிகளாகப் பரவியது. குழந்தை வைத்தியர் பார்த்தவுடனேயே சொன்னார், இது பூஞ்சை, நீங்கள் பூசிய கிறீமில் ஸ்டீரொயிட் இருக்கிறது, அதனால்தான் பரவியது என்று. சாதாரண எரிச்சல் பெரும்பாலும் துணி உரசுகிற மேடான இடங்களில்தான் இருக்கும், மடிப்புக்குள் போகாது. மடிப்புக்குள் போய்ப் புள்ளி விட்டால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து. இந்த இரண்டு வரியை அந்த மேடையில் யாராவது சொல்லியிருந்தால் எழுந்து நின்று நானும் கைதட்டியிருப்பேன். பொதுவாகச் செய்யக்கூடியது எளிது. வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றுப்பட விட்டு, சிங்க் கலந்த கிறீமோ வாசலினோ பூசுவது. பவுடர் வேண்டாம், அது பிள்ளையின் மூச்சுக்குள் போகும்.

சிவப்பு மட்டுமா? பிள்ளையின் மலத்தையே தாயின் நடத்தைச் சான்றிதழாகப் பார்க்கிறோம். பச்சையாகப் போனால் "நீ என்னத்தைத் தின்றாய்?" தண்ணியாகப் போனால் "உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை." போகாவிட்டால் "பால் காணாது." முதலில் கறுப்பாகப் பிசினாக வருகிற காட்டுப்பீ, பிறகு பச்சை கலந்து, நாலைந்து நாளில் மஞ்சளாகி, கடுகு கடுகாகத் தண்ணியோடு வருவதுதான் தாய்ப்பால் பிள்ளைக்கு இயல்பு. அது வயிற்றோட்டம் அல்ல. ஆறு வாரத்துக்குப் பிறகு அதே பிள்ளை சில நாட்கள், சில சமயம் ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். பால் குடித்து, சிறுநீர் நன்றாகப் போய், வருகிற மலம் இளக்கமாக இருந்தால் பயமில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் மூன்றாம் நாளே வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு பெரியம்மா வந்து நிற்பார். பிள்ளை முகம் சிவந்து முக்கினால் போதும், மலச்சிக்கல் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

எனக்கு மிக நெருங்கிய ஒருத்திக்குத் தாய்ப்பாலே இப்படித்தான் நின்றது. மலம் பச்சையாகப் போகிறது என்று மாமி சொல்ல, அயலவர் ஆமோதிக்க, 31ஆம் நாள் துடக்குக் கழிவதற்கு முன்னரே பால்மா டின் வீட்டுக்கு வந்துவிட்டது. பச்சை நிறம் மட்டும் ஒரு நோயே அல்ல. அவள் இன்றும் தன் பாலில்தான் ஏதோ குறை இருந்தது என்று நம்புகிறாள். எவ்வளவு சொல்லியும் அவள் மனதிலிருந்து அதை எடுக்க முடியவில்லை.

உண்மையில் பதற வேண்டிய நிறம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மலம் வெள்ளையாக, சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ போனால், அதுவும் இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சள் மாறாமல் இருந்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஈரலில் இருந்து பித்தம் வருகிற குழாயான பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்குக் கசாய் என்ற ஜப்பானிய வைத்தியரின் பெயரால் ஒரு சத்திரசிகிச்சை உண்டு. 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். தாய்வானில் 2004 முதல் பெற்றோருக்கு மல நிற அட்டையே கொடுக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. எங்களிடமோ "பால் குடிக்கிற பிள்ளை வெள்ளையாகத்தானே போகும்" என்கிற விளக்கம் இருக்கிறது. இரத்தம் கலந்தாலும், பிறந்து 48 மணித்தியாலமாகியும் மலமே போகாவிட்டாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும் ஓடத்தான் வேண்டும். அப்போது பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

"நீ என்ன வைத்தியரா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் பேச்சாளரும் இல்லை. அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் யார்?

"அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளை வளர்த்தோம், பம்பர்ஸா கட்டினோம்?" வளர்த்தீர்கள், அதற்கு என் வணக்கம். ஆனால் 1940களின் முதல் பாதியில் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 100க்கு மேல் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அது 10க்கும் குறைவு. வீடு தேடி வருகிற குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அம்மம்மாவின் அன்பு வேறு, அம்மம்மாவின் மருந்து வேறு.

பம்பர்ஸை மணிக்கணக்கில் மாற்றாமல் விடுவது சரியா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சரியில்லை. கச்சான் காற்று அடிக்கிற ஆடி வெயிலில் அது பிள்ளைக்கு வேதனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏன் மாற்றவில்லை என்று கேட்டீர்களா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலை என்ன என்று தெரியுமா? படுவான்கரைக் கிராமத்துக் கடைகளில் பைக்கற்றைப் பிரித்து ஒன்று ஒன்றாக விற்கிறார்கள், ஏனென்றால் முழுப் பைக்கற் வாங்கப் பலரிடம் காசு இல்லை. ஒன்றை வாங்கிய தாய் அதை இரவு முழுக்க இழுக்கிறாள். சோம்பேறித்தனம் என்று அதற்குப் பெயர் வைக்க எப்படி மனம் வந்தது?

போனைப் பார்க்கிறாளாம். தையல் போட்ட வயிற்றோடு குனிய முடியாமல், இரவு மூன்று மணிக்கு விழித்திருக்கிறவள் வேறு எதைப் பார்ப்பாள்? பக்கத்தில் படுத்திருக்கிறவர் எழும்பினாரா? அந்த மண்டபத்தில் கைதட்டிய அப்பாமாரில் எத்தனை பேர் பிள்ளையின் மலத்துணியை ஒரு தடவையாவது கையால் தொட்டிருக்கிறீர்கள்? 84 நாள் பிரசவ லீவு முடிந்ததும் வேலைக்கு ஓடி, வந்து துவைத்து, சமைத்து, பால் கொடுத்து, அதற்கு மேல் மேடையில் இருந்து திட்டும் வாங்க வேண்டும். அந்தப் பெண்ணுடைய வீட்டில் துணைக்கு யாரும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் சிரித்தீர்கள்.

பதிவை அழிக்கச் சொல்லி உள்பெட்டியில் எழுதுகிறவர்களுக்கு: அழிக்க மாட்டேன். அடுத்த கூட்டத்தில் அதே மேடையில், அதே அளவு நேரம் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குக் கொடுங்கள் என்று மண்டப நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவும் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.