பில் போடத் தெரியாமல் ஃப்ரீலான்ஸ் எதற்கு?

"இனிமே ஆபீஸ் வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்காதீங்க தம்பிகளா, எல்லாம் ஃப்ரீலான்ஸ்தான். வீட்டுல இருந்தே டாலர்ல சம்பாதிக்கலாம்." எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் இந்தப் பேச்சு ஒன்று இருக்கிறது. பேசுகிறவர் பெரும்பாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர். அது போகட்டும்.

மதுரைக்கு இது ஒன்றும் புதுசில்லை. சுங்குடிச் சேலைக்குப் புள்ளி வைத்த இடத்தை விரல் நுனியால் கிள்ளி, நூலைச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போடுகிற பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்தேதான் வேலை பார்த்தார்கள். துணி வியாபாரியுடையது, கண்ணும் விரலும் இவர்களுடையது. போட்ட முடிச்சுக்குக் கூலி. பார்வை மங்கினால் அதுவும் கிடையாது. மல்லிகைச் சரம் கட்டுகிற அக்காக்களுக்கும் இதே கதைதான். நம் கையில் லேப்டாப் இருப்பதால் கொஞ்சம் கௌரவமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆள் கூடுவது உண்மை. 2020-21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் (மாதச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வேலை காசு வாங்குகிறவர்கள்) இருந்ததாகவும் 2029-30க்குள் அது 2.35 கோடி ஆகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. இதில் டெலிவரி தம்பிகளும் உண்டு, டிசைனர்களும் உண்டு. இளந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் ஐடி பூங்கா இருக்கிறது என்றாலும், நம்மூரில் வருஷா வருஷம் டிகிரி வாங்குகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கே நாற்காலி கிடையாது. மிச்சப் பேர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். போக முடியாதவர்கள் என்னை மாதிரி வீட்டு மாடியில் மேசை போடுகிறார்கள்.

என் பிழைப்பு கல்யாணப் பத்திரிகை டிசைன், ஃப்ளெக்ஸ், சின்னக் கம்பெனிகளுக்கு லோகோ. முகூர்த்தம் பார்த்துத்தான் காசு வரும். வைகாசி, ஆவணியில் தூங்க நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் போனே அடிக்காது. காதுகுத்து, பூப்புனித விழா என்று ஏதாவது வந்தால் உண்டு. இரவு பதினொரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வரும்: "தம்பி, மீனாட்சி அம்மன் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கிட்டு, தாய்மாமன் பேரை மேல தூக்கிப் போடுங்க. சின்ன வேலைதான்." தாய்மாமன் மேலே போனால் பெரியப்பா கீழே வருவார். காலையில் அவர் பேசுவார்.

இப்போது ஏஐயில் படம் போட்டு எடுத்துக்கொண்டே வருகிறார்கள். படம் அருமையாக இருக்கும். தமிழ் எழுத்து பல நேரம் சிதைந்திருக்கும். "எழுத்தை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, அதுக்கு என்ன பெரிய காசு?" உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை, 2030க்குள் 9.2 கோடி வேலைகள் போகும், 17 கோடி புதிதாக வரும் என்கிறது. கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் போகிற வேலைக்காரனும் வருகிற வேலைக்காரனும் ஒரே ஆளாக இருக்கப்போவதில்லையே.

நான் சொல்ல வந்தது வேறு. 'ஸ்கில் கத்துக்கோ' என்று ஆளாளுக்கு கோர்ஸ் விற்கிறார்கள். செய்த வேலைக்குக் காசு வாங்குவது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நம்மூரில் அட்வான்ஸ் கேட்டாலே முகம் சுருங்கும். "நம்மளுக்குள்ள என்னப்பா?" என்று முடித்துவிடுவார்கள். வேலையை ஆரம்பிக்கும் முன்பு எத்தனை திருத்தம், எவ்வளவு காசு, எந்தத் தேதிக்குள் என்று வாட்ஸப்பிலாவது எழுதி வாங்க வேண்டும். அது எடுத்தெறிந்து பேசுவது ஆகாது.

சின்னத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு எத்தனை பேர் செய்திருக்கிறீர்கள்? ஆதார், பான் இருந்தால் போதும். அரசுத் தளத்தில் இலவசம். கம்ப்யூட்டர் சென்டரில் காசு கேட்டால் அது அவர்களுடைய கூலி. 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு செய்த சின்னத் தொழில்காரருக்குக் கம்பெனிகள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண் இருந்தால் அக்கவுண்ட்ஸ் ஆள் பதில் சொல்லும் தோரணை கொஞ்சம் மாறும்.

சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020இல் வந்தாலும் 2025 நவம்பர் 21இல்தான் அமலுக்கு வந்தது. கிக் தொழிலாளர் நலனுக்காக ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஆப் எதுவும் இல்லாமல் நேரே ஆள் பிடித்து வேலை செய்கிறவனுக்குப் பங்கு கட்ட யார் இருக்கிறார்கள்? அவன் இன்றைக்கும் சுங்குடி முடிச்சுக்காரி இருந்த இடத்தில்தான் இருக்கிறான்.

வங்கியில் லோன் கேட்டால் சம்பளச் சீட்டு, பெண் கேட்டுப் போனாலும் அதே கேள்வி. வரி வராவிட்டாலும் வருஷம் தவறாமல் ஐடி ரிட்டர்ன் போட்டு வையுங்கள். லோன் வேலைக்காவது ஆகும். மாமனார் விஷயத்தில் உத்தரவாதம் தர முடியாது.

இதே தொழிலில் இருக்கிற மதுரைக்காரர்கள் அட்வான்ஸ் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். நான் பாதி வாங்குகிறேன். ரொம்ப அதிகம் என்று சண்டைக்கு வருகிறார்கள்.