‘ஸ்டாப்’ என்று பதில் போட்டால் குப்பை மெயில் நிற்காது

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. வேண்டாத மெயிலுக்கு ‘ஸ்டாப்’ என்று பதில் அனுப்பி, 1909-க்கும் சொல்லிவிட்டால் மறுநாளே எல்லாம் நின்றுவிடுமாம். இரண்டுமே தவறு.

1909, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஏற்பாட்டில் உள்ள எண்தான். ஆனால் அது விளம்பர அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும், மெயிலுக்கு அல்ல. டிராய் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

பதில் போடுவதுதான் பெரிய வம்பு. இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அனுப்பியவனுக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. அப்புறம் மெயில் கூடத்தான் செய்யும். ‘சம்பா பயிர்க் காப்பீட்டுத் தொகை தயார், இங்கே அழுத்தவும்’ என்று ஒன்று வருகிறது என வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் பெயரில் ‘வேளாண்மைத் துறை’ என்றுகூட இருக்கும். பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். அரசு முகவரி பொதுவாக ‘கவ்.இன்’ (gov.in) அல்லது ‘என்ஐசி.இன்’ (nic.in) என்று முடியும். ஜிமெயில் முகவரியிலிருந்து எந்தத் துறையும் காப்பீட்டுப் பணம் தராது.

இப்படி வந்தால் எதையும் அழுத்தாமல் ‘ஸ்பேம்’ என்று புகார் கொடுங்கள். ஜிமெயிலில் ‘ஸ்பேம்’ பெட்டிக்குப் போனவை 30 நாளில் தானே அழிந்துவிடும். நீங்களே பதிவு செய்த கடையின் விளம்பரம் என்றால் சரி, இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தலாம்.

அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே லிங்க்கை அழுத்திப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.