ஃப்ரெடி மெர்குரி ஏற்காட்டில் படிக்கவும் இல்லை, குயினை விட்டு விலகவும் இல்லை

"ஏற்காடு போர்டிங் ஸ்கூலில் படித்த ஃப்ரெடி மெர்குரி, 1984இல் குயின் குழுவை விட்டு விலகித் தனியாகப் பாடித் தோற்றார், லைவ் எய்டுக்காகத் திரும்பி வந்தார்." சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. (குயின் என்பது பிரிட்டனின் ராக் இசைக்குழு, ஃப்ரெடி அதன் பாடகர். லைவ் எய்ட் என்பது 1985இல் நிதி திரட்ட நடந்த பெரிய இசை நிகழ்ச்சி.)

அவர் படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில், செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில். அதுவும் மலை ஊர், அதுவும் விடுதிப் பள்ளி. சேர்வராயன் மலைக்கு அவரைச் சொந்தம் கொண்டாட எனக்கும் ஆசைதான், ஆனால் உண்மை அதுவல்ல.

சரி, விலகல்? 2018இல் அவரைப் பற்றி வந்த 'பொஹீமியன் ராப்சடி' சினிமாவில் அப்படிக் காட்டினார்கள். நிஜத்தில் குயின் உடையவே இல்லை. அவர்களுடைய 'தி வொர்க்ஸ்' இசைப் பயணம் ஜப்பானில் முடிந்தது 1985 மே மாதம். லைவ் எய்ட் ஜூலை 13. இடையில் இரண்டே மாதம். ஃப்ரெடியின் முதல் தனி ஆல்பம் 'மிஸ்டர் பேட் கை' அந்தப் பயணத்துக்கு நடுவிலேயே, ஏப்ரலில் வந்தது. பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் பிடித்த ஆல்பத்தைத் தோல்வி என்பது அநியாயம்.

தனி ஆல்பம் போட்டாலே விலகியதாக அர்த்தமா? டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981லேயே போட்டுவிட்டாரே! அப்புறம் 1988இல் ஓபரா பாடகி மோன்செராட் கபாயேவுடன் 'பார்சிலோனா' ஆல்பம் செய்தபோதும் ஃப்ரெடி குயினில்தான் இருந்தார். 1991 நவம்பர் 24இல் இறக்கும்வரை அவர் குயினின் பாடகர்.