ஆர்வக் குறைவு என்பது காரணம் அல்ல
முதியோர் எழுத்தறிவு வகுப்பில் பாதியில் நிற்பவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாலை வகுப்பு எடுத்தபோது ஒரு அம்மா புத்தகத்தைத் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு ‘எனக்குப் படிப்பு ஏறாது சார்’ என்று மூடி வைத்துவிடுவார், பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியை வாங்கிப் போட்டதும் அதே வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். 40 வயதுக்கு மேல் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரிவது சகஜம், பல வகுப்புகளில் அதை யாரும் கவனிப்பதே இல்லை. அப்புறம் பாடமும் சின்னப் பிள்ளைகளுக்கானது. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் அந்நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே சுமார் 300 பேருக்கு எழுத்தறிவித்தபோது அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களில் இருந்துதான் தொடங்கினார். இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், வகுப்புக்குத் தவறாமல் வருபவர்களுக்குப் பரிசு கொடுக்கலாம் என்கிறார், சரி, ஆனால் அந்தப் பணத்தில் முதலில் கண் பரிசோதனை நடத்துங்கள்.