லேசர் எல்லாம் ஒன்றில்லை
'லேசர் அடித்தால் கண் பிரஷர் இறங்கும்' என்று கண் பிரஷர் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். சீனி வருத்தக்காரருக்கு அது போதாது. கதிராளியில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தில்) புது இரத்தக்குழாய் முளைத்து வரும் குளுக்கோமாவில் (கண் பிரஷர் ஏறி பார்வை நரம்பு கெடும் நோயில்), கண்ணின் நீர் வடிகாலைத் தூண்டும் எஸ்எல்டி லேசர் உதவாது. விழித்திரையில் ஆயிரத்துக்கும் மேல் புள்ளி சுடும் பிஆர்பிதான் தேவை, அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று தவணையாக. கண்ணுக்குள் போடும் ஊசியில் குழாய்கள் சில நாளில் சுருங்கும். ஊசியின் வேகம் சில வாரத்தில் குறைந்ததும் திரும்ப முளைக்கும். அதற்குள் லேசரை முடிக்க வேண்டும். கண்டிக்கு இறங்கும் பஸ் செலவுக்குப் பயந்து அடுத்த தவணையை விடுவதில்தான் இங்கே தேயிலைத் தோட்டத்தில் பார்வை போகிறது.

டிராபெகுலெக்டமி (கண் நீர் வடியப் புது வழி திறக்கும் ஒப்பரேஷன்) செய்தவர் சில வாரத்துக்குக் கொழுந்துக் கூடையைத் தொடக்கூடாது, குனியக்கூடாது, குளிக்கும் பீலித் தண்ணீரைக் கண்ணில் படவிடக்கூடாது. அந்த நீர் வடிந்து சேர மேலிமைக்கு அடியில் உருவாகும் கொப்புளம் சிவந்து, வலித்து, பீளை கட்டினால், ஒப்பரேஷன் முடிந்து எத்தனை வருஷமானாலும் சரி, அன்றைக்கே கண் வார்டு!