பெர்லை மறுபடி பில்டு செய்யத் தேவையில்லை

சி நிரலுக்குள் பெர்ல் மொழியை உட்பொதித்தபின், சி-யில் எழுதிய பகுதி கொண்ட 'சாக்கெட்' போன்ற மாட்யூல் ஏறாவிட்டால், டைனமிக் லோடிங்கோடு (ஓடும்போதே மாட்யூல்களை ஏற்றும் வசதி) பெர்லையே புதிதாக பில்டு செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வது தவறு. பிழைச்செய்தியே அப்படி ஒரு குறிப்பைத் தருவதால்தான் பலர் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். முதலில் டெர்மினலில் 'பெர்ல் -வி:யூஸ்டிஎல்' (perl -V:usedl, 'வி' பெரிய எழுத்து) கொடுத்துப் பாருங்கள். 'டிஃபைன்' என்று வந்தால் உங்கள் பெர்லில் குறை இல்லை.

குறை பெரும்பாலும் உங்கள் சி நிரலில் உள்ள பெர்ல்_பார்ஸ் அழைப்பில் இருக்கும். அதன் 2-ஆவது ஆர்க்யுமென்ட் நல் (வெற்று மதிப்பு) என்றால், சி பகுதி கொண்ட மாட்யூல்களை ஏற்றித் தரும் டைனாலோடர் பதிவாகாது. டைனாலோடரின் முக்கியப் பகுதியே சி-யில் எழுதப்பட்டது; அதை யாராவது முதலில் இணைத்துத் தர வேண்டும். வெறும் பெர்லில் எழுதிய 'ஸ்ட்ரிக்ட்' போன்றவை ஓடிவிடுவதால் சிக்கல் தாமதமாகவே தெரியும்.

எக்ஸ்ட்யூட்டில்ஸ்::எம்பெட் மாட்யூலின் 'எக்ஸ்எஸ்இனிட்' கட்டளையை ஓட்டினால் பெர்ல்எக்ஸ்எஸ்ஐ.சி என்ற கோப்பு உருவாகும். அதையும் சேர்த்து கம்பைல் செய்து, நல் இருந்த இடத்தில் அந்தக் கோப்பிலுள்ள எக்ஸ்எஸ்_இனிட் ஃபங்ஷனைக் கொடுங்கள். கம்பைலுக்கு அதே மாட்யூலின் 'சிசிஆப்ட்ஸ்' கட்டளை, லிங்க்குக்கு 'எல்டிஆப்ட்ஸ்' கட்டளை தரும் கொடிகளையே (ஆப்ஷன்கள்) பயன்படுத்துங்கள், கையால் எழுத வேண்டாம். இந்தக் கட்டளைகள் இரண்டையும் ஓட்டுவது, மாட்யூல்களை நிறுவிய அதே பெர்லாக இருப்பது மிக முக்கியம். வேறு பெர்லின் ஹெடர்கள் கலந்தால் புதிய பதிப்புகள் 'ஹேண்ட்ஷேக் கீ' (இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கும் எண்) பொருந்தவில்லை என்று நின்றுவிடும்.

இதன்பிறகும் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' (தேவையான ஃபங்ஷன் பெயர் கிடைக்கவில்லை) என்ற பிழை வந்தால் அது வேறு நோய். உங்கள் நிரலே டிஎல்ஓப்பன் (ஓடும்போது நூலகத்தை ஏற்றும் ஃபங்ஷன்) வழியாக ஏற்றப்படும் பிளகின் என்றால், லிப்பெர்ல் என்னும் பெர்ல் நூலகத்தை, அதன் பெயர்களை மற்ற நூலகங்களும் காணச் செய்யும் ஆர்டிஎல்டி_குளோபல் கொடியோடு ஏற்றிப் பாருங்கள்.