பகலில் வீட்டில் யார் இருப்பார்?

இணையவழிப் பள்ளிகளில் எது நல்ல பள்ளி? என் மகளை ஒன்பதாம் வகுப்பில் அப்படியொரு பள்ளியில் சேர்த்ததிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்வதற்கு முன், “பகல் நேரத்தில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்?” என்று திருப்பிக் கேட்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. பள்ளியைப் பற்றிக் கேட்டால் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறாளே என்று முகம் சுருங்குகிறது. ஆனாலும் இதற்கு விடை தெரியாமல் நான் யாருக்கும் எந்தப் பள்ளியையும் பரிந்துரைப்பதில்லை. ஏன் என்பதை ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கொரோனா கால நினைவை ஒதுக்கி வைக்க வேண்டும். 2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டிருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அன்றுவரை கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்தியவர்களை ஒரே வாரத்தில் கைபேசி முன்னால் உட்காரவைத்தோம். அவர்களால் முடிந்ததை அவர்கள் செய்தார்கள். அது அவசர கால ஏற்பாடு. அதை நினைத்து “ஆன்லைன் படிப்பெல்லாம் ஒரு படிப்பா” என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், “அப்போதே சமாளித்தோம், இப்போது முடியாதா” என்று துணிகிறவர்களும் இருக்கிறார்கள். இருவருமே தவறான இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள்.

தொலைவிலிருந்து பள்ளிப் பாடம் நடத்துவது நூறாண்டு பழக்கமுள்ள வேலை. நியூசிலாந்தில் 1922இல் அஞ்சல்வழிப் பள்ளி தொடங்கியது. ‘தே குரா’ என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் வானொலிப் பள்ளி தொடங்கியது. நகரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த கால்நடைப் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகள், பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலி அமைப்பின் வழியே ஆசிரியரோடு பேசினார்கள். இந்த வானொலிப் பள்ளிகளின் நடைமுறையில் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று உண்டு. பிள்ளையின் பக்கத்தில் ‘ஹோம் டியூட்டர்’ என்று ஒரு பெரியவர் இருப்பார். பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் அதற்கென்றே அமர்த்தப்பட்டவர். ஆசிரியர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். இவர் இல்லாமல் பாடம் நடக்காது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு கட்டிய ஏற்பாடு அது. இன்றைய இணையவழிப் பள்ளிகளின் விளம்பரங்களைப் பாருங்கள். மடிக்கணினி முன்னால் ஒரு பிள்ளை தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பெரியவரைப் படத்திலிருந்தே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். என் மகளுக்குப் பேச்சு திக்கும். சின்ன வகுப்புகளில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் அவளைப் போலப் பேசிக் காட்டுவது வகுப்பின் பொழுதுபோக்காகிவிட்டது. வகுப்பாசிரியரிடம் பேசினோம், தலைமையாசிரியரிடம் பேசினோம். “விளையாட்டாகச் செய்கிறார்கள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும்” என்றார்கள். அவள் வாய் திறப்பதையே நிறுத்திக்கொண்டாள். விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. ஞாயிறு மாலை ஆனால் வயிற்று வலி வந்துவிடும். மருத்துவர் சோதித்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். எங்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

புதிய பள்ளியில் ஒரு நேரலை வகுப்புக்குப் பதினைந்து பேருக்கு மேல் கிடையாது. அவள் முதலில் தட்டச்சு செய்து விடை சொன்னாள். எல்லோரும் அப்படியும் சொல்லலாம் என்பதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. வரலாற்று ஆசிரியை ஒருவர் அவளுடைய விடைகளை வகுப்பில் வாசித்துக் காட்டுவார், பெயர் சொல்லிப் பாராட்டுவார், ஆனால் மைக்கைத் திற என்று ஒருநாளும் வற்புறுத்தவில்லை. சில மாதங்கள் கழித்து ஒருநாள் அவளே மைக்கைத் திறந்தாள். முதல் சொல்லிலேயே திக்கியது. ஆசிரியை காத்திருந்தார். வகுப்பும் காத்திருந்தது. விடையை முழுவதும் சொல்லி முடித்தாள். பக்கத்து அறையில் அலுவலக வேலையை அப்படியே போட்டுவிட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இணையவழிப் பள்ளி பிள்ளைகளைக் கூட்டுக்குள் அடைக்கிறது என்று யாராவது பொதுவாகச் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. என் மகள் நெரிசலான வகுப்பறையில் இழந்த குரலைத் திரையின் முன்னால்தான் திரும்பப் பெற்றாள். உடல்நலக் குறைவால் நாள்தோறும் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள், விளையாட்டுப் பயிற்சிக்காக ஊர் ஊராகச் செல்லும் பிள்ளைகள், பெற்றோரின் வேலையால் இரண்டாண்டுக்கு ஒருமுறை நாடு மாறும் பிள்ளைகள் என்று இந்த வழி உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் பலர்.

இனி மறுபக்கம். பள்ளிக் கட்டடம் சத்தமில்லாமல் செய்துகொடுக்கும் வேலைகள் எத்தனை என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. மணி அடிக்கிறது, பிள்ளை எழுந்து அடுத்த வகுப்புக்குப் போகிறது. பக்கத்து இருக்கைப் பிள்ளை நோட்டைத் திறந்தால் இதுவும் திறக்கிறது. முகம் வாடியிருந்தால் யாராவது ஒரு ஆசிரியர் கண்ணில் படுகிறது. வீட்டில் இவற்றில் எதுவும் தானாக நடப்பதில்லை. இரண்டு நேரலை வகுப்புகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கும், கட்டில் இரண்டடி தூரத்தில் இருக்கும். ஒப்படைப்பை முடித்துவிட்டேன் என்பாள், பள்ளியின் தளத்தில் ஏறியிருக்காது. கேமரா அணைந்திருக்கும், உள்ளே அவள் இருக்கிறாளா என்று ஆசிரியருக்குத் தெரியாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இத்தனையையும் தானே கட்டி இழுக்கும் சுய ஒழுங்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரியவர்களான நமக்கே வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது அது அரிதாகத்தான் வாய்க்கிறது.

எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முழுநேர வேலையை அரைநாளாக மாற்றிக்கொண்டேன், கையில் வந்த பதவி உயர்வைத் தள்ளிவைத்தேன். மாலையில் கணக்கும் அறிவியலும் என் கணவர் பொறுப்பு. இதை இருவரும் உட்கார்ந்து பேசி, தாளில் எழுதி, மகளிடமும் காட்டித்தான் சேர்க்கைப் படிவத்தை நிரப்பினோம். அந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் நடக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் அது நடக்கவே இல்லை. “வீட்டில்தானே இருக்கப் போகிறான்” என்று ஒரு வார்த்தையில் முடிவு எடுக்கப்படுகிறது, அடுத்த வாரத்திலிருந்து அத்தனை வேலையும் அம்மாவின் தலையில் வந்து உட்காருகிறது. அவள் வேலைக்குப் போகிறவளாக இருந்தாலும் அப்படித்தான். சம்பளமில்லாத, யாரும் கணக்கில் சேர்க்காத இன்னொரு வேலை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

பெரியவர் யாரும் இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். நெருங்கிய நண்பர் ஒருவரின் மகன், நல்ல கெட்டிக்காரன். பெற்றோர் இருவருக்கும் காலையில் போனால் இரவில் திரும்பும் வேலை. முதல் பருவத்தில் மதிப்பெண்கள் நன்றாக வந்தன. இரண்டாம் பருவத்தில் அவன் வகுப்புக்குள் நுழைந்து கேமராவை அணைத்துவிட்டு, வேறொரு சன்னலில் விளையாட ஆரம்பித்தான். பிறகு நுழைவதையும் விட்டுவிட்டான். பள்ளியிலிருந்து மின்னஞ்சல்கள் போயிருக்கின்றன. எல்லாம் இயந்திரம் அனுப்பியவை, எல்லாம் அவனுடைய முகவரிக்கே. பெற்றோருக்குத் தெரிய வந்தபோது பருவத் தேர்வு வந்துவிட்டிருந்தது. அவர்கள் அவனை வழக்கமான பள்ளிக்கு மாற்றினார்கள், அங்கே நன்றாகப் படிக்கிறான். அந்தப் பையனை யாரும் சோம்பேறி என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன். வாரக்கணக்கில் ஒரு மாணவன் வகுப்புக்கு வரவில்லை, ஒரு மனிதர்கூடத் தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசவில்லை என்றால் அது பள்ளியின் குற்றம்.

இது தனிப்பட்ட ஒருவரின் கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் அரசுப் பணத்தில், ஆனால் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வெளியே இயங்கும் முழுநேர இணையவழி ‘சார்ட்டர்’ பள்ளிகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘கிரெடோ’ ஆய்வு மையம் ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. வழக்கமான அரசுப் பள்ளிகளில் படிக்கும் ஒத்த மாணவர்களோடு ஒப்பிட்டால், 180 நாட்கள் கொண்ட ஒரு கல்வியாண்டில் இவர்கள் வாசிப்பில் 72 நாட்கள் பின்தங்கினார்கள். கணிதத்தில் 180 நாட்கள், அதாவது ஓராண்டு முழுவதும். அதே சமயத்தில் ‘மேத்தமேட்டிகா’ என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட துணை அறிக்கை இன்னொன்றைச் சொன்னது. இந்தப் பள்ளிகளில் ஒரு வாரத்தில் கிடைக்கும் நேரடி ஆசிரியர் நேரம், வழக்கமான பள்ளியில் ஒரே நாளில் கிடைப்பதைவிடக் குறைவு. எல்லா இணையவழிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால் எதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது துலங்குகிறது. பதிவு செய்த பாடங்கள் எத்தனை ஆயிரம் இருக்கின்றன என்பதில் எனக்கு அக்கறை இல்லை. காணொளிப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன, கான் அகாடமி 2008இலிருந்து அதைச் செய்கிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உயிருள்ள ஓர் ஆசிரியர் என் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பித் தர எத்தனை நாள் ஆகும்? பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் யார், யாருக்குப் பேசுவார்? நான் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது சில பள்ளிகளின் சேர்க்கை அலுவலர்கள் தடுமாறினார்கள். தடுமாறாத பள்ளியில்தான் சேர்த்தோம்.

அங்கீகாரம், தேர்வு பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் இது விசாரித்தால் விடை கிடைக்கும் விஷயம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஜெர்மனியில் பிள்ளைகள் நேரில் பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். இங்கிலாந்தில் இணையவழிப் பள்ளிகளை ஆய்வு செய்து அங்கீகரிக்கத் தனித் திட்டமே இருக்கிறது. இந்தியாவில், நாள்தோறும் வகுப்புக்குப் போகாமலே படித்துப் பள்ளித் தேர்வு எழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989இலிருந்து இயங்குகிறது. பள்ளியே தேர்வு மையமாக இல்லாதபோது பிள்ளை தனித்தேர்வராக வேறொரு மையத்தில் எழுத வேண்டியிருக்கும், அந்த மையத்தை நாம்தான் முன்கூட்டியே தேட வேண்டும். அறிவியல் செய்முறையை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். நம் பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுக்கு ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வாகவே எழுதும் தாள் ஒன்று உண்டு. அதற்கு மேல், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவல் வந்தால் ஆய்வகத்தில் நின்று செய்தே ஆக வேண்டும்.

நண்பர்கள்? என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், எனக்கு மிகக் குறைவாகவே சொல்ல இருப்பதும் இதில்தான். நாற்பது பேர் நடுவே தனியாக இருந்தவள் என் மகள். கட்டடம் நட்பைத் தந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் திரையில் மட்டுமே ஆட்களைப் பார்த்து வளரவும் கூடாது. வாரத்தில் சில மாலைகளாவது உடம்பு வேர்க்க, நேருக்கு நேர், தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்க ஓர் இடம் வேண்டும். அவள் நீச்சலைத் தேர்ந்தெடுத்தாள்.

தேர்ந்தெடுத்தாள் என்ற இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த வயதில் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பள்ளியை மாற்றக் கூடாது. கணினியே போதும் என்று பெற்றோர் முடிவு செய்து, நண்பர்களிடமிருந்து பிரித்து வீட்டில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளையும் நான் அறிவேன். வெளியே வர வேண்டும் என்று பிள்ளை கேட்டால் அதையும் கேட்க வேண்டும். என் மகள் வேதியியலை மேற்படிப்பாகப் படிக்க விரும்புகிறாள், ஆய்வகம் வேண்டும் என்கிறாள். வரும் ஆண்டில் வழக்கமான பள்ளிக்கே போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். பள்ளியைப் பார்க்கப் போனபோது, தனக்குத் திக்கும், பேச நேரம் தர வேண்டும் என்று முதல்வரிடம் அவளே கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை.

இணையவழிப் பள்ளிகளை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் மடிக்கணினியின் திறன், இணைய வேகம் எல்லாம் கேட்கிறீர்கள். அதே பக்கத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெரியவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் செலவிட வேண்டியிருக்கும் என்பதை எண்ணாக எழுதுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே குடும்பங்கள் அதைப் பார்க்கட்டும். முடியாத குடும்பங்களுக்கு அந்த நேரத்தை ஈடுகட்டப் பள்ளி தன் பக்கத்திலிருந்து ஓர் ஆளை நியமிக்க வேண்டும், அந்த ஆள் தினமும் பிள்ளையோடு பேச வேண்டும். பெற்றோர்களே, இந்த ஆண்டு சேர்க்கைக்குப் பேசும்போது இந்த எண்ணைக் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.